எபோலாப் பரவலும் கிஸ்ஸி மொழியும்

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய மூன்று நாடுகளும் சந்திக்கும் இடம் காட்டுப் பகுதி. எல்லைக்கோட்டின் மூன்று பக்கங்களிலும் கிஸ்ஸி மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். கினியின் குவெக்கெடு, சியரா லியோனின் கைலாஹுன், லைபீரியாவின் ஃபோயா ஆகிய வட்டாரங்களுக்கு இடையே சந்தைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வருவது அவர்களுக்கு அன்றாட வழக்கம். அரசு அவர்களிடம் பேசும் மொழியோ ஒரு பக்கம் பிரெஞ்சு, மற்ற இரண்டு பக்கங்களிலும் ஆங்கிலம். 2013 டிசம்பரில் குவெக்கெடுவை அடுத்த மெலியாண்டு என்னும் சிற்றூரில் ஒரு குழந்தை காய்ச்சல் கண்டு இறந்தது. அடுத்து அதன் குடும்பத்தாரும், அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களும் இறந்தார்கள். நோய் இன்னதென்று உறுதியாகி, 2014 மார்ச் 23 அன்று உலக சுகாதார நிறுவனம் எபோலாப் பரவலை அறிவித்தபோது 49 பேர் நோயுற்று, அவர்களில் 29 பேர் இறந்திருந்தார்கள். 2016இல் அந்தப் பரவல் ஓய்ந்தபோது நோயுற்றோர் எண்ணிக்கை 28,600ஐயும் இறந்தோர் எண்ணிக்கை 11,300ஐயும் தாண்டியிருந்தது.

நோய்த்தடுப்பு வாசகங்களைத் தமிழில் எழுதித் தரும் பணி சில காலம் என் பொறுப்பில் இருந்தது. அந்த நாள்களில் தொடங்கி, இந்தப் பரவலின்போது மக்களிடம் என்ன சொல்லப்பட்டது, எந்த மொழியில் சொல்லப்பட்டது, யார் சொன்னார்கள் என்பதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். உள்ளூர் மொழிகளில் பிரசாரம் செய்ய வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் தலைநகரில் முடிவு செய்த வாசகத்தைப் பத்து மொழிகளில் அச்சிட்டுவிட்டால் அந்தக் கடமை நிறைவேறிவிட்டது என்று கருதும் போக்கு இன்னும் மாறவில்லை. உள்ளூர் மொழியில் மக்கள் திருப்பிச் சொல்வதைக் கேட்டு வாசகத்தையும், தேவைப்பட்டால் சிகிச்சை முறையையும் அடக்க முறையையும்கூட மாற்றுகிற அதிகாரம் அந்தப் பிரசாரத்துக்கு இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று நான் நம்புகிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த அதிகாரம் மிகத் தாமதமாகத்தான் வந்தது.

முதல் மாதங்களில் ஒட்டப்பட்ட சுவரொட்டிகளும் வானொலி அறிவிப்புகளும் முக்கியமாக மூன்று செய்திகளைச் சொல்லின: எபோலா ஆளைக் கொல்லும், அதற்கு மருந்து இல்லை, வௌவாலையும் குரங்கையும் உண்ணாதீர்கள். இவற்றில் எதுவும் பொய்யன்று. அந்த வைரஸைக் கொல்லும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து அப்போது இருக்கவில்லை. காட்டு விலங்கிலிருந்துதான் அது மனிதரிடம் வந்திருக்கும் என்பதே அறிவியலாளர்களின் கணிப்பாகவும் இருந்தது. ஆனால் மருந்தே இல்லாத நோய்க்கு எதற்காக மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று ஒரு தாய் எண்ணினால் அவளைக் குறை சொல்ல முடியுமா? எப்படியும் சாகப்போகிற பிள்ளை, முகமூடி அணிந்த அந்நியர்களிடம் போய்ச் சாவதைவிடத் தன் மடியில் சாகட்டும் என்றே அவள் முடிவு செய்வாள். அப்படித்தான் பல குடும்பங்கள் நோயாளிகளை வீட்டுக்குள் மறைத்து வைத்தன. உடலில் வற்றிய நீரையும் உப்புகளையும் ஈடுசெய்து, வரும் சிக்கல்களைக் கவனித்தால் பிழைக்கும் வாய்ப்புக் கூடும் என்ற மிக முக்கியமான உண்மை அந்த வாசகங்களில் இடம்பெறவில்லை. அவற்றை அப்படியே பிழையற்ற கிஸ்ஸியிலும் மெண்டேயிலும் சொல்லியிருந்தாலும் விளைவு இன்னும் மோசமாகவே இருந்திருக்கும், ஏனென்றால் இன்னும் அதிகம் பேர் அதைப் புரிந்துகொண்டு வீட்டிலேயே இருந்திருப்பார்கள்.

வௌவால் பற்றிய எச்சரிக்கைக்கும் இதே கதிதான். தலைமுறை தலைமுறையாகக் காட்டு இறைச்சி உண்டு வாழ்ந்தவர்களிடம், அது திடீரென்று கொல்லும் என்றால் அவர்கள் சொல்பவரைத்தான் சந்தேகிப்பார்கள். அதைவிட முக்கியமாக, ஒருமுறை மனிதருக்குள் வந்துவிட்ட வைரஸ் அதன்பின் மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவிக்கொண்டிருந்தது. நோயுற்றவரின் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்தம் ஆகியவற்றைத் தொடுவதும், இறந்தவரின் உடலைக் கழுவுவதும்தான் ஆபத்தாக இருந்தன. சுவரொட்டியின் இடம் வௌவாலுக்குப் போய்விட்டது.

அந்தச் சுவரொட்டியைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். கினியிலும் சியரா லியோனிலும் அப்போது வயதுவந்தோரில் பாதிப் பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பெண்களிடையே நிலைமை இன்னும் கீழே இருந்தது. நோயாளியைக் கவனிப்பவர்களும் பிணத்தைக் குளிப்பாட்டுபவர்களும் பெரும்பாலும் பெண்களே என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்களுக்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் எட்டாத தூரத்தில் இருந்தன. சியரா லியோனில் தெற்கிலும் கிழக்கிலும் மெண்டே, வடக்கில் தெம்னேயும் லிம்பாவும் பேசப்படுகின்றன. நாடு முழுவதும் பெரும்பாலோருக்குப் புரியும் பொதுமொழியாகக் கிரியோ இருக்கிறது. கினியில் புலார், மலிங்கே, சூசு ஆகியவை பெரிய மொழிகள். காட்டுப் பகுதியில் கிஸ்ஸி, தோமா, கெர்ஸே. லைபீரியாவில் க்பெல்லே முதலாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட மொழிகளோடு, அந்நாட்டுக்கே உரிய பேச்சு ஆங்கிலமும் உண்டு. இத்தனைக்கும் நடுவே உண்மையில் வீடுகளை எட்டிய சாதனம் வானொலிதான். சிறு நகரங்களின் சமூக வானொலி நிலையங்கள் அந்தந்த வட்டார மொழியில் நேயர்களின் கேள்விகளை எடுத்துப் பேசத் தொடங்கியபோதுதான், மக்கள் எதை நம்புகிறார்கள், எதை அஞ்சுகிறார்கள் என்பது வெளியே தெரிய ஆரம்பித்தது.

அவர்கள் அஞ்சியதற்குக் காரணங்கள் இருந்தன. சியரா லியோனில் உள்நாட்டுப் போர் முடிந்தது 2002இல், லைபீரியாவில் 2003இல். அரசு என்றால் கொடுப்பதைவிட எடுப்பது அதிகம் என்ற அனுபவம் உடைய மக்களிடம், வெளிநாட்டு நிதியைப் பெறுவதற்காக அரசே கட்டிவிட்ட கதைதான் எபோலா என்ற பேச்சு மிக எளிதாகப் பரவியது. அதை மறுப்பதற்காகவே லைபீரியாவில் ‘எபோலா உண்மை’ என்ற முழக்கம் எங்கும் எழுதப்பட்டது. அம்முழக்கத்தில் எனக்குப் பெரிய மதிப்பில்லை. உண்மை என்று ஏற்றுக்கொண்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும், நோயாளியைத் தூக்கிச் செல்ல வண்டி வருமா, போன இடத்தில் படுக்கை கிடைக்குமா என்பதற்கு அதில் விடை இல்லை. 2014 ஆகஸ்டில் தலைநகர் மொன்ரோவியாவில் படுக்கை கிடைக்காமல் சிகிச்சை மையங்களின் வாயிலிலேயே மக்கள் இறந்தார்கள். அதே மாதம் வெஸ்ட் பாயின்ட் என்னும் குடிசைப் பகுதி முழுவதும் ஆயுதப் படையினரால் அடைக்கப்பட்டது. எதிர்த்துத் திரண்டவர்கள் மீது சுட்டதில் ஒரு சிறுவன் உயிரிழந்தான். எந்த மொழியில் எழுதிய வாசகமும் அந்தத் துப்பாக்கியைவிட உரத்துப் பேசியிருக்க முடியாது.

கினியின் காட்டுப் பகுதிக்கு இன்னும் பழைய நினைவு ஒன்று உண்டு. விடுதலைக்குப் பிறகு வந்த செகு தூரேயின் ஆட்சி, மூடநம்பிக்கையை ஒழிக்கிறோம் என்ற பெயரில் அப்பகுதி மக்களின் சடங்கு முகமூடிகளை எரித்தது. அவர்களின் தீட்சைச் சடங்குகளைத் தடை செய்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் தலைநகர் கொனாக்ரியிலிருந்து வண்டிகளில் வந்து இறங்கி, உங்கள் சடங்கை நிறுத்துங்கள் என்று சொன்னவர்களை அவர்கள் எந்த வரிசையில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். ஆகஸ்ட் இறுதியில் என்ஸெரெகோரே நகரச் சந்தையில் கிருமிநாசினி தெளிக்கப்பட்டபோது, தெளிப்பதே நோயைப் பரப்பத்தான் என்ற வதந்தி கலவரமாக வெடித்தது. செப்டம்பரில், அந்நகருக்கு அருகிலுள்ள வோமே என்ற ஊருக்கு எபோலா பற்றி விளக்கச் சென்ற குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். நலவாழ்வு அதிகாரிகளோடு உள்ளூர் வானொலிச் செய்தியாளர்களும் அவர்களில் இருந்தார்கள். இந்தக் கொலைகளை எதைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் அந்த ஊர்களை அறியாமையின் இருப்பிடம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிய அன்றைய செய்திகள், அதற்கு முந்தைய அரை நூற்றாண்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெரும் சிக்கல் சாவில்தான் இருந்தது. எபோலாவால் இறந்தவரின் உடலில் வைரஸ் மிகுதியாக இருக்கும். அந்த உடலைக் கழுவி, தொட்டு, தழுவி வழியனுப்புவது அங்குள்ள முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் மரபுவழி வழிபாட்டினருக்கும் பொதுவான கடமை. கைலாஹுன் பகுதியில் ஒரு நாட்டு வைத்தியரின் இறுதிச் சடங்கில் கலந்துகொண்ட பெண்கள் வழியாகத்தான் சியரா லியோனில் நோய் வேரூன்றியது. ஆகவே உடலைத் தொடாதீர்கள் என்ற கட்டளை எல்லா மொழிகளிலும் போயிற்று. வெள்ளுடை அணிந்தவர்கள் வந்து உடலைப் பையில் கட்டி எடுத்துப்போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்பதுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. லைபீரியத் தலைநகரில் உடல்கள் எரிக்கப்பட்டன. புதைக்கும் வழக்கமுடைய அம்மக்கள் அதைத் தாங்க முடியாமல் இரவோடு இரவாக இரகசியமாக அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். நம் ஊரில் ஒரு சாவு வீட்டுக்குள் இப்படி நுழைந்து உடலை எடுத்துப்போனால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்கையில், அம்மக்களின் பொறுமைதான் எனக்கு வியப்பளிக்கிறது.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 2014இல் கினியின் காட்டுப் பகுதியில் கருவுற்றிருந்த ஒரு பெண் எபோலாவால் இறந்தாள். கிஸ்ஸி மரபில், கருவைப் பிரித்தெடுக்காமல் தாயைப் புதைப்பது ஊருக்கே கேடு விளைவிக்கும். மருத்துவக் குழுவுக்கோ அந்த அறுவை சாவுக்குச் சமம். இரத்தமும் நீரும் தெறிக்கும் அச்செயலை எவரும் செய்யத் துணிய முடியாது. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காமல் நின்றபோது, உலக சுகாதார நிறுவனத்துக்காகப் பணியாற்றிய கேமரூன் நாட்டு மானிடவியலாளர் ஜூலியென் அனோகோ, தடையை அறிவிப்பதற்கு மாறாக, மரபு மீறப்பட நேர்ந்தால் அதற்கு உங்களிடம் பரிகாரம் உண்டா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரித்தார். அப்படி ஒரு பரிகாரச் சடங்கு இருந்தது. அதை அறிந்த முதியவரும் தேடிக் கண்டறியப்பட்டார். சடங்குக்கு வேண்டிய பொருள்களின் செலவை உலக சுகாதார நிறுவனமே ஏற்றுக்கொண்டது. கரு பிரிக்கப்படாமல் தாய் பாதுகாப்பாக அடக்கம் செய்யப்பட்டாள்; ஊரும் அமைதியடைந்தது. அந்த உரையாடல் தொடங்கியது ஒரு கேள்வியில். அதற்கு விடை அம்மக்களின் நினைவில் மட்டுமே இருந்தது. தலைநகர் அலுவலகத்தில் அமர்ந்து எத்தனை நிபுணர்கள் வாசகம் எழுதியிருந்தாலும் அந்தப் பரிகாரம் அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

அந்த ஆண்டு நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் கிறித்தவ, இஸ்லாமிய அமைப்புகளோடு கலந்து ஒரு புதிய அடக்க நெறிமுறையை வெளியிட்டது. உடலைக் கழுவ இயலாதபோது நீரின்றிச் செய்யும் தயம்மும் முறையை முஸ்லிம் குடும்பங்களுக்கு வழங்கலாம், குடும்பத்தார் பாதுகாப்பான தொலைவில் நின்று தொழலாம், கல்லறையில் பெயர் எழுதப்பட வேண்டும், குடும்பத்தின் ஒப்புதல் கிடைக்கும்வரை அடக்கத்தைத் தொடங்கக் கூடாது என்றெல்லாம் அது சொன்னது. இதன்பின் இமாம்களும் பாதிரியார்களும் தத்தம் மொழியில் பேசுவதற்கு ஒரு பொருள் கிடைத்தது. அதுவரை அவர்கள் கையில் இருந்தது வெறும் தடை. இப்போது மக்களுக்குக் கொடுக்கத்தக்க ஒரு வழி இருந்தது. சியரா லியோனில் 117 என்ற எண்ணுக்கு அழைத்து எந்த இறப்பையும் தெரிவிக்கும் ஏற்பாடும், பாரம்பரியத் தலைவர்கள் தத்தம் ஆட்சிப் பகுதிகளில் வகுத்த உள்ளூர் விதிகளும் இந்த மாற்றத்தோடு சேர்ந்தபோதுதான் பயன் தரத் தொடங்கின.

லைபீரியாவின் லோஃபா மாவட்டத்தில் இதைவிட முன்னதாகவே திருப்பம் ஏற்பட்டது. கினி எல்லையிலிருந்து நோய் முதலில் நுழைந்த அம்மாவட்டத்தில் ஆகஸ்ட் இறுதிக்குப் பிறகு, நாட்டின் பிற பகுதிகளில் தொற்று ஏறிக்கொண்டிருந்தபோதே, புதிய நோயாளிகள் குறையத் தொடங்கினார்கள். அதைப் பற்றி எழுதியவர்கள் பல காரணங்களைச் சுட்டுகிறார்கள். அவற்றில் என் மனத்தைக் கவர்ந்தது ஃபோயாவின் சிகிச்சை மையத்தில் நடந்த ஒரு சிறு மாற்றம். உள்ளே போனவர்கள் என்ன ஆகிறார்கள் என்று தெரியாததே மக்களின் அச்சத்துக்கு ஊற்றாக இருந்தது. உறுப்புகளைத் திருடுகிறார்கள் என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். வெளியிலிருந்து பார்க்க முடியாத தடுப்புகளை எடுத்துவிட்டு, குடும்பத்தார் தொலைவில் நின்று நோயாளியைக் கண்ணால் காணவும் அவரோடு பேசவும் வசதியாக வேலி மாற்றப்பட்டது. வேலிக்கு இருபுறமும் கிஸ்ஸியில் பேசிக்கொள்ள முடிந்தபோது, மையத்தைப் பற்றிய செய்தியை ஊருக்குக் கொண்டுபோனவர்கள் அந்தக் குடும்பத்தாரே. பிழைத்து வந்தவர்கள் தங்கள் ஊர்களில் பேசினார்கள். கணக்கில் வராத இந்தப் பேச்சுகளைத்தான் நான் உள்ளூர் மொழிப் பிரசாரம் என்று முதலில் எண்ணுவேன்.

சியரா லியோனின் வழி இதிலிருந்து வேறுபட்டது. 2014 செப்டம்பர் 19 முதல் 21 வரை நாடு முழுவதும் மக்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டு, கிரியோவில் ‘ஓசே டு ஓசே எபோலா டாக்’, அதாவது வீடு வீடாக எபோலாப் பேச்சு என்ற பெயரில் 28,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைச் சவர்க்காரத்தோடு வீடுகளுக்கு அனுப்பியது. இவ்வளவு பெரிய படையைத் திரட்டிய உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் ஊரடங்கில் பட்டினி கிடந்த வீட்டில் சில நிமிடம் நின்று பேசிவிட்டுப் போகிறவருக்கு, கேள்விகளைக் கேட்டு ஊரோடு சேர்ந்து முடிவெடுக்க நேரமில்லை. பின்னர் அங்குப் பல அமைப்புகள் கூட்டாகப் பரப்பிய முறை எனக்கு மேலானதாகப் படுகிறது. அதில் அந்தந்த வட்டாரத்திலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் ஊரைக் கூட்டி, நம்மில் ஒருவருக்கு நோய் வந்தால் அவரை யார் கவனிப்பது, எங்கே தனியாக வைப்பது, யார் தொலைபேசியில் அழைப்பது என்று கேட்பார்கள். ஊர் தானே ஒரு திட்டம் வகுக்கும். அதே இளைஞர் மீண்டும் மீண்டும் அதே ஊருக்கு வந்து, வகுத்தது நடக்கிறதா என்று பார்ப்பார்.

இவ்வளவு பட்டறிவுக்குப் பிறகும் 2018 ஆகஸ்டில் காங்கோ மக்களாட்சிக் குடியரசின் வட கிவுவில் பரவல் தொடங்கியபோது பழைய குறைகள் மீண்டும் தலைகாட்டின. பெனி, புதெம்போ நகரங்களைச் சுற்றி வாழும் மக்களின் தாய்மொழி கினாண்டே. பொதுமொழி அவ்வட்டாரச் சுவாஹிலி. நோயைத் தடுக்க வெளியிலிருந்து வந்து சேர்ந்த பலருடைய மொழி பிரெஞ்சாகவும், தலைநகரிலும் இராணுவத்திலும் வழங்கும் லிங்காலாவாகவும் இருந்தது. ஆண்டுக்கணக்கில் ஆயுதக் குழுக்களின் படுகொலைகளை அனுபவித்துவந்த மக்கள், அப்போதெல்லாம் வராதவர்கள் இப்போது மட்டும் ஏன் வருகிறார்கள் என்று கேட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் எபோலாவைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டி அந்நகரங்களில் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டபோது அவர்களின் ஐயம் கோபமாக மாறியது. தடுப்பூசி அந்த முறை கையில் இருந்தது. நோயாளியோடு தொடர்புடையவர்களுக்கும் அவர்களோடு தொடர்புடையவர்களுக்கும் மட்டும் போடுகிற முறை என்பதால், பக்கத்து வீட்டாருக்குப் போட்டீர்கள், எனக்கு ஏன் போடவில்லை என்பது ஓயாத கேள்வியாக இருந்தது. செஞ்சிலுவைத் தன்னார்வலர்கள் இத்தகைய கேள்விகளையும் வதந்திகளையும் குறைகளையும் மக்கள் சொன்னபடியே நாள்தோறும் எழுதி, வகைப்படுத்தி, திட்டமிடுபவர்களின் மேசைக்கு அனுப்பிவந்தார்கள். 2020 ஜூனில் அப்பரவல் முடிந்தபோது 2,287 பேர் இறந்திருந்தார்கள். அந்தப் பதிவேடுகள் அன்றாட முடிவுகளை இன்னும் அதிகமாக மாற்றியிருக்க வேண்டும் என்பதுதான் என் வருத்தம். ஆனால் கேட்டதை எழுதி வைக்கும் வேலைக்கு ஆள் ஒதுக்கியதே ஒரு முன்னேற்றம். தமிழ்நாட்டில் வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு இந்தியில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டு, அங்கிருக்கும் ஒடியாக்காரரும் சந்தாலும் வங்காளியும் அதைப் படித்துக்கொள்வார்கள் என்று நாம் விட்டுவிடுகிறபோது, அவர்கள் கேட்பதை எழுதிவைக்கவும் ஒருவரை அனுப்புகிறோமா என்று நான் எண்ணுவதுண்டு.

2021 பிப்ரவரியில் கினியின் அதே காட்டுப் பகுதியில், என்ஸெரெகோரே நகருக்கு அருகிலுள்ள குவேக்கே என்ற ஊரில் எபோலா மறுபடி தோன்றியது. இந்த முறை அறிவிப்பு வந்த பத்து நாள்களுக்குள் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். 23 பேர் நோயுற்று 12 பேர் இறந்ததோடு ஜூனில் பரவல் முடிந்தது. ஆனால் வைரஸின் மரபணுவைப் படித்த ஆய்வாளர்கள், அது காட்டிலிருந்து புதிதாக வந்ததன்று, முந்தைய பெரும்பரவலின் வைரஸோடு மிக நெருங்கியது என்று கண்டார்கள். அப்போது பிழைத்த ஒருவரின் உடலில் ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தங்கியிருந்துதான் அது வெளிப்பட்டிருக்க வேண்டும். கினியில் மட்டும் பிழைத்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பரவலின்போது சிகிச்சை மையத்துக்குப் போனால் பிழைக்கலாம் என்பதற்கு வாழும் சான்றாக நின்று, தங்கள் மொழியில் ஊர் ஊராகப் பேசியவர்கள் அவர்கள்தாம். மிக அரிதாக நடக்கும் ஒன்றை மறைக்காமல் சொல்லவும் வேண்டும். சொல்வதால் அந்த ஆயிரம் பேரும் வீட்டைவிட்டும் வேலையைவிட்டும் விரட்டப்படாமல் காக்கவும் வேண்டும். அதற்கான வாசகத்தைக் கிஸ்ஸியிலும் கெர்ஸேயிலும் எழுதும்போது முதலில் கலந்து பேச வேண்டியவர்கள், பிழைத்து வந்த அந்த மனிதர்களே.